விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள்

மலைப்பள்ளி: வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மார்க், கிரேடு, தேர்வு பற்றியவை. ஒரே மாதிரிக் கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கி, எல்.கே.ஜி. தொடங்கி பிளஸ் டூ வரை வகுப்பு வரிசையில் தந்திருக்கிறோம்.

மூன்றரை வயது மகனை எல்.கே.ஜி.யில் சேர்க்க ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம். 'இன்டராக்‌ஷன்' என்று சொல்லி நிறம், எண், ஆங்கிலப் பாட்டு என்று கேட்டார்கள். பையன் அழுதுவிட்டான். 'இன்னும் தயாராகவில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். இப்படித் தேர்வு வைக்கலாமா?
– ஒரு தாய், வெலிங்டன்

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 13-வது பிரிவு, பள்ளியில் சேர்க்கும்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் எதுவும் வைக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரையிலும் அபராதம். ஆனால் அந்தச் சட்டம் 'குழந்தை' என்று சொல்வது 6 முதல் 14 வயதுவரை உள்ளவர்களை. அதனால் 1 முதல் 8-ம் வகுப்பு வரை விஷயம் தெளிவு, எல்.கே.ஜி. என்றால் பள்ளிகள் வாதாட இடமிருக்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். முன்பின் தெரியாத ஒருவர் பத்து நிமிடம் கேள்வி கேட்டால், மூன்றரை வயதுப் பிள்ளையின் கூச்சமும் வீட்டில் எவ்வளவு ஆங்கிலம் புழங்குகிறது என்பதும்தான் தெரியவரும். வேறொன்றும் தெரியாது. அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் (2022), 3 முதல் 6 வயதுவரை தேர்வு என்பதே பொருத்தமற்ற கருவி என்று சொல்லிவிட்டது. ஆசிரியர் கவனித்துக் குறித்துவைப்பதுதான் அந்த வயதுக்கான மதிப்பீடு.

நல்ல கே.ஜி. ஆசிரியை சேர்க்கை முடிந்த பிறகு நான்கைந்து வாரம் பார்ப்பார். 'பையை மாட்டிவிட்டு வந்து பாயில் உட்கார்' என்று இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் செய்கிறானா? தன் முறை வரும்வரை காத்திருக்கிறானா? கிரேயானை எப்படிப் பிடிக்கிறான்? எண்ணில் ஒரு நுணுக்கம் உண்டு. 1 முதல் 20 வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் ஒரே கொட்டையை இரண்டு தரம் தொடுவார்கள். சரியாக எண்ணி முடித்த பிள்ளையிடம் 'மொத்தம் எத்தனை?' என்று கேளுங்கள். 'ஏழு' என்றால் எண் புரிந்திருக்கிறது. திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் ஒப்பித்தல் மட்டும்தான் வந்திருக்கிறது என்று பொருள். அந்த வயதில் அது குறையே இல்லை. அடுத்து என்ன விளையாட்டு கொடுப்பது என்று ஆசிரியைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. மூன்றரை வயதிலும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் பள்ளி தேடுவதற்கு முன் அரசு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.

எங்கள் ஊரில் 2-ம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை 'அரும்பு' என்று வைத்திருக்கிறார்கள். வீட்டில் பேசுவது பணியர் பழங்குடியினரின் மொழி. பெற்றோர் இதை பெயில் என்றே நினைக்கிறார்கள்.
– ஒரு தன்னார்வலர், பந்தலூர் வட்டம்

பெயில் இல்லை. 2022-இல் 1 முதல் 3-ம் வகுப்பு வரை தொடங்கி, பிறகு 4, 5-க்கும் விரிந்த தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்த அளவுக்குக் கற்றிருக்கிறது என்று பார்த்துக் குழு பிரிக்கிறார்கள். அரும்பு என்பது ஏறக்குறைய முதல் வகுப்புத் திறன், மொட்டு இரண்டாம் வகுப்பு, மலர் மூன்றாம் வகுப்பு. ஒரே பிள்ளை கணக்கில் மொட்டாகவும் தமிழில் அரும்பாகவும் இருக்கலாம்.

கோளாறு எங்கே வருகிறது என்றால், ஜூனில் போட்ட அரும்பு ஜனவரியிலும் அப்படியே நிற்கும்போது. நிலை என்பது மாறத்தான் இருக்கிறது. ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? எந்தக் கற்றல் விளைவில் நிற்கிறாள்? 'தமிழ் வராது' என்று பதில் வந்தால் போதாது. 'கொ, கோ மாதிரி இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்தில் நிற்கிறாள்' என்று வந்தால் அது பதில்.

வீட்டு மொழி வேறாக இருக்கும் பிள்ளையிடம் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஐந்தாறு வரிக் கதை ஒன்றை எடுங்கள். முதலில் அவளே படிக்கட்டும், இரண்டு கேள்வி கேளுங்கள். பிறகு நீங்கள் தமிழில் வாசித்துக்காட்டி அதே கேள்விகளைக் கேளுங்கள். கடைசியாக, பணியர் மொழி தெரிந்த ஒருவரை விட்டு அதே கதையை அந்த மொழியில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். காதால் கேட்டால் தமிழில் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில். தன் மொழியில் மட்டும் புரிகிறது என்றால் சிக்கல் தமிழ்ச் சொற்களில். அந்தப் பிள்ளையை எழுத்துப் பயிற்சியில் உட்கார வைத்து மாதங்களை வீணாக்கக் கூடாது, பேச விட வேண்டும். மூன்றிலும் திணறினால்தான் புரிதலைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்த நிலை அபூர்வம்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் படிக்கிறாள் என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்ப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. சின்ன வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் வர வைக்க மத்திய அரசு கொண்டுவந்த நிபுண் பாரத் திட்டம் 2-ம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் என்று இலக்கு வைத்தது. தமிழில் 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பது ஒரே சொல். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரே அளவுகோலைப் பிடித்தால் தமிழ்ப் பிள்ளை எப்போதும் மெதுவாகத்தான் தெரியும். அந்த எண்ணை, போன மாதம் இதே பிள்ளை எவ்வளவு படித்தாள் என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு, 23 பிள்ளைகள். மழைக்காலத்தில் விடுமுறை மேல் விடுமுறை. மீதி நேரத்தை மதிப்பீடும் ஆப் பதிவுமே தின்றுவிடுகின்றன. பாடம் நடத்துவது எப்போது?
– இடைநிலை ஆசிரியை, கூடலூர் வட்டம்

உங்கள் கேள்விக்குத்தான் இந்த இதழில் அதிக இடம் கொடுக்கிறோம்.

மதிப்பீடு தனி வேலையாக இருக்கும்வரை நேரத்தைத் தின்னத்தான் செய்யும். ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளில் 23 பேரும் முடிந்துவிடுவார்கள். மற்றவர்கள் செயல்பாட்டில் இருக்கும்போது ஒரு பிள்ளையிடம் மூன்று நிமிடம். 40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி: தேதி, என்ன கேட்டீர்கள், என்ன செய்தாள், அடுத்து என்ன. 'ஈரிலக்கக் கழித்தல், கடன் வாங்கவில்லை, குச்சிக் கட்டு கொடுக்கணும்.' இவ்வளவுதான். மார்க் வேண்டாம். '6/10' என்று எழுதினால் அடுத்த வாரம் அதைப் பார்த்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

பாடம் முடியும்போது சிலேட்டில் மூன்று கேள்வி: ஒன்று போன வாரத்தது, ஒன்று இன்றையது, ஒன்று கொஞ்சம் திருகலானது. சிலேட்டுகளை வாங்கி மூன்று அடுக்காகப் பிரித்தால் மறுநாள் காலைக் குழு தயார். வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்த எதுவும் இல்லை.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. 52 – 27 என்று கொடுக்கிறீர்கள். சரியான விடை 25. ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறான். ஏன்? ஒவ்வொரு பத்தியிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கலாம்: 7-இல் 2 போக 5, 5-இல் 2 போக 3. அல்லது கடன் வாங்கத் தெரிந்து, கடன் கொடுத்த 5-ஐ 4 ஆக்க மறந்திருக்கலாம்: 12-இல் 7 போக 5, 5-இல் 2 போக 3. இரண்டு வழியிலும் 35 வருகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டிய மருந்து வேறு வேறு. முதல் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்து, கட்டைப் பிரிக்காமல் ஒற்றைக் குச்சி எடுக்க முடியாது என்று கையால் உணர வைக்க வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கு மேலே அடித்து எழுதும் பழக்கம் வந்தால் போதும். கேள்வியில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றி 53 – 27 என்று கொடுங்கள். முதல் பிள்ளைக்கு 34 வரும், இரண்டாம் பிள்ளைக்கு 36 வரும், சரியான விடை 26. சிலேட்டைத் தூரத்திலிருந்து பார்த்தாலே யாருக்கு என்ன என்று தெரிந்துவிடும். 80 என்று எழுதியவன் கூட்டிவிட்டான். அவன் குறியைப் பார்க்கவில்லை, கழித்தல் தெரியாதவன் என்று முடிவு கட்ட வேண்டாம். 25 என்று எழுதியவனுக்கு வழி தெரியும், எண்ணியதில் ஒன்று தவறியிருக்கிறது. நான்கு பேருக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி போட்டால் மதிப்பீடு செய்ததாகவே ஆகாது.

இனி மழை. தேவாலா, பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் பள்ளி விடுவதும் திறப்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. குன்னூர், கோத்தகிரியில் அதே தொல்லை வடகிழக்குப் பருவமழையில். நீண்ட விடுமுறைக்குப் பிறகு உடனே புதுப் பாடத்துக்குப் போகாதீர்கள். நடத்திய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெரிய டெஸ்டும் வைக்காதீர்கள். அடுத்த பாடம் எதன் மேல் நிற்கிறதோ அதிலிருந்து மட்டும் நான்கு கேள்வி. வகுத்தல் வரப்போகிறது என்றால் பெருக்கலும் கழித்தலும். அது போதும்.

பருவத் தேர்வுக்குப் பொது வினாத்தாள் வரும்போது, மழையால் நடத்த முடியாமல் போன பாடங்களின் பட்டியலைத் தேர்வுக்கு முன்பே எழுத்தில் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். தேர்வுக்குப் பிறகு கொடுத்தால் சாக்குப்போக்காகத்தான் தெரியும். மதிப்பெண் பதிவேட்டில் அந்தக் கேள்விகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். நடத்தாத பாடத்தில் தப்பு விட்ட பிள்ளையைக் குறைதீர் வகுப்பில் உட்கார வைப்பது அநியாயம். டிசம்பர், ஜனவரியில் காப்பி பறிக்கும் காலத்தில் பெற்றோருடன் போய்விட்டு வரும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

ஆப்பில் பதிவதைப் பொறுத்தவரை, முதலில் தாளில் குறித்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒரே அமர்வில் ஏற்றுங்கள். மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து ஏற்றினால் 23 பிள்ளைகளும் நடுத்தர நிலைக்கு வந்துவிடுவார்கள். மேலே இருப்பவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து உங்கள் பள்ளிக்கு உதவி எதுவும் தேவையில்லை என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மகளின் 6-ம் வகுப்பு தேசிய அளவிலான தேர்வுக்குத் தேர்வானது. மார்க் என்ன என்று பள்ளியில் சொல்ல மறுக்கிறார்கள்.
– ஒரு தந்தை, கொடைக்கானல்

மறுக்கவில்லை, அவர்களிடமே இருக்காது. 2024 டிசம்பர் 4-ஆம் தேதி 3, 6, 9-ம் வகுப்புகளுக்கு மத்திய அரசின் மதிப்பீட்டு அமைப்பான பரக் நடத்திய தேசிய ஆய்வைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறோம். 2021 நவம்பர் 12-இல் நடந்த தேசிய அடைவு ஆய்வும் இதே வகைதான். மாதிரிக்குச் சில பள்ளிகளை எடுத்து, மாவட்டம், மாநிலம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். தனிப் பிள்ளைக்கு மார்க் கிடையாது. இதற்காகப் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பத் தேவையில்லை.

7-ம் வகுப்பில் மகனுக்குக் கணக்கில் பி2. போன பருவம் ஏ2. 'நன்றாகத்தான் படிக்கிறான்' என்கிறார் ஆசிரியர். எதை நம்புவது?
– ஒரு தந்தை, கீழ்கோத்தகிரி

ரிப்போர்ட்டின் நகலையும் அனுப்பியிருக்கிறீர்கள், நல்லது. எஃப்.ஏ.(அ) 19, எஃப்.ஏ.(ஆ) 17, எஸ்.ஏ. 34, மொத்தம் 70.

1 முதல் 8 வரை 2012–13-இல் வந்த முப்பருவ முறையில் ஒரு பருவத்துக்கு 100 மதிப்பெண். அதில் 40 வளரறி மதிப்பீடு (எஃப்.ஏ.), 60 பருவக் கடைசியில் வரும் தொகுத்தறித் தேர்வு (எஸ்.ஏ.). வளரறியில் (அ) என்பது செயல்பாடுகள், 20 மதிப்பெண். (ஆ) என்பது ஸ்லிப் டெஸ்டுகள், 20 மதிப்பெண். 91–100 ஏ1, 81–90 ஏ2, 71–80 பி1, 61–70 பி2 என்று இறங்கிக்கொண்டே போகும். உங்கள் மகன் ஒரே ஒரு மார்க்கில் பி1-ஐ விட்டிருக்கிறான். அதனால் எழுத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

பார்க்க வேண்டியது உள்ளே. வளரறியில் 40-க்கு 36, அதாவது 90 சதவீதம். தொகுத்தறியில் 60-க்கு 34, அதாவது 57 சதவீதத்துக்கும் கீழே. ஆசிரியர் முதல் எண்ணை வைத்துப் பேசுகிறார், கிரேடு இரண்டாவதால் இறங்கியிருக்கிறது. இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

இவ்வளவு இடைவெளி வருவதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. செயல்பாடு குழுவாகச் செய்தது. யார் செய்தார்கள் என்பது ஆசிரியருக்கே தெரியாது. கடையில் வாங்கி ஒட்டிய சார்ட்டுக்கும் 10-க்கு 10 விழும். ஸ்லிப் டெஸ்ட் அந்த வாரம் நடத்திய ஒரே பாடத்தில் வருவதால் எந்த முறையைப் போடுவது என்று யோசிக்கவே வேண்டாம். பருவத் தேர்வில் எல்லாம் கலந்து வரும்போது எது எங்கே என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. இன்னொன்று நேரம்.

எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, எஸ்.ஏ. விடைத்தாளைக் கேட்டு வாங்குவது. பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் என்ன என்று கேட்பதற்குப் பதில் இதைக் கேளுங்கள். வீட்டில் தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: தெரியாதது, தெரிந்தும் தவறியது, தொடாமல் விட்டது. தொடாமல் விட்டவை கடைசிப் பக்கத்தில் குவிந்திருந்தால் நேரப் பிரச்சினை. தாள் முழுக்கச் சிதறியிருந்தால் கேள்வி புரியவில்லை. தெரியாதவற்றை வரிசையாகப் பாருங்கள். 7-ம் வகுப்பில் அநேகமாக எல்லாம் ஒரே வேரில் போய் நிற்கும். ½ + ⅓ = ⅖ என்று எழுதும் பையனுக்கு விகிதம், சதவீதம் எல்லாம் வரிசையாகச் சரியும். 0.35-ஐ 0.4-ஐவிடப் பெரியது என்று நினைப்பவனுக்கு (35 பெரிது, 4 சிறிது என்று பார்க்கிறான்) தசமம் எங்கே வந்தாலும் அடி விழும். அந்த ஒரு வேரை இரண்டு வாரம் பார்த்துவிட்டு, அதே வினாத்தாளை மறுபடி எழுத வையுங்கள்.

இனி 5-ம் வகுப்பிலும் 8-ம் வகுப்பிலும் பெயில் போடுவார்களாமே?
– பலர்

2019-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, 5, 8-ம் வகுப்பில் தேர்வு வைத்து நிறுத்திவைக்கலாம் என்ற முடிவை மாநிலங்களிடம் விட்டார்கள். தமிழ்நாடு பொதுத்தேர்வை அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் வந்த விதி கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு. அங்கேயும் தவறினால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு. மாநில அரசுப் பள்ளிகளில் 8 வரை நிறுத்திவைப்பு இல்லை. நிறுத்திவைக்க மாட்டார்கள் என்பதாலேயே பிள்ளை எங்கே நிற்கிறது என்று நீங்கள் பார்க்காமல் விட்டால், அது 9-ம் வகுப்பில்தான் வெடிக்கும்.

8-ம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதினால் பணம் வரும் என்கிறார்கள். மலைப்பள்ளிப் பிள்ளைகளால் முடியுமா?
– ஒரு தாய், மன்னவனூர்

முடியும். என்.எம்.எம்.எஸ். என்பது வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், 9 முதல் பிளஸ் டூ வரை நான்கு ஆண்டு. மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. 7-ம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. இரண்டு தாளிலும் சேர்த்து 40 சதவீதம் எடுக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 32, அதற்கு மேல் மாவட்ட ஒதுக்கீட்டுக்குள் வர வேண்டும்.

மலையில் பலருக்குத் தெரியாத ஒரு விதி: அரசே தங்கவைத்துச் சாப்பாடு போட்டுப் படிக்க வைக்கும் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. வீட்டிலிருந்து அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ போகும் பிள்ளைக்கு உண்டு.

தேர்வானபின் பணம் நின்றுபோவது பெரும்பாலும் படிப்பால் இல்லை. ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் வேறு இனிஷியல். அல்லது ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை தளத்தில் புதுப்பிக்க மறந்தது. 8-ம் வகுப்பு ஜூன் மாதமே எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) பெயரும் ஆதார் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளஸ் ஒன்னில் தொடர்ந்து கிடைக்க 10-ம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 55.

பயிற்சிக்கு: மனத்திறன் பகுதி பாடப் புத்தகத்தில் இல்லாதது. பிள்ளைகள் தோற்பது அங்கேதான். ஆகஸ்டிலிருந்து தினம் பத்துக் கேள்வி, பழைய வினாத்தாளிலிருந்து. நேரம் பார்த்து, ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்.

9-ம் வகுப்பு மகள் வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள், எழுதினால் எழுத்துப்பிழையால் பாதி மார்க் போகிறது. டிஸ்லெக்சியாவாக இருக்குமோ?
– ஒரு தாய், பண்ணைக்காடு

டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம்) என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வாய்மொழிக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் இருந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் முறை. இப்போதே செய்யுங்கள், பத்தாம் வகுப்பு ஜனவரிக்குத் தள்ளாதீர்கள். அரசு மருத்துவரின் சான்றிதழோடு தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் சலுகைகள் உண்டு: ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்றவை. எழுதுபவரைத் தேர்வு நாளில்தான் முதன்முதலில் பார்ப்பது சரிவராது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே ஒருவரை வைத்து எழுதிப் பழக வேண்டும். கேள்வியை மறுபடி படிக்கச் சொல்வது, 'இந்த வரியை அடி' என்று சொல்வது எல்லாமே பழகிவர வேண்டியவை.

மருத்துவரிடம் போகும்போது ரேங்க் கார்டைக் கொண்டுபோய்ப் பயனில்லை. 3-ம் வகுப்பிலிருந்து கிடைத்த பழைய நோட்டுகள், விடைத்தாள்களை எடுத்துப்போங்கள். ஒரே வகைப் பிழை ஆண்டுக்கணக்காகத் தொடர்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

பத்தாம் வகுப்பில் ஸ்டேட் போர்டு, சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. என்று மலையில் எல்லாம் இருக்கின்றன. மார்க்கை எப்படி ஒப்பிடுவது?
– ஒரு தந்தை, உதகை

ஒப்பிட முடியாது, முயலவும் வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்தில் ஐந்து பாடம், 500 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. அறிவியலில் மட்டும் எழுத்து 75, செய்முறை 25. சி.பி.எஸ்.இ.யில் பாடத்துக்கு 80 எழுத்து, 20 அகமதிப்பீடு, தேர்ச்சி 33, ஐ.சி.எஸ்.இ.யிலும் பெரும்பாலான பாடங்களுக்கு இதே 80, 20. கொடைக்கானலில் 1976 முதல் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) நடத்தும் பள்ளியும் இருக்கிறது. அங்கே பிளஸ் டூவுக்கு நிகரான டிப்ளமாவில் ஆறு பாடம், பாடத்துக்கு 7 புள்ளி, கூடுதலாக 3, ஆக 45. பிளஸ் ஒன்னுக்கு வேறு போர்டுக்கு மாறும் பிள்ளைக்கு மார்க்கைவிட, கணக்கிலும் அறிவியலிலும் எந்த அத்தியாயம் நடத்தப்படாமல் விட்டுப்போனது என்பதே முக்கியம். இரண்டு புத்தகத்தின் உள்ளடக்கப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

பிளஸ் டூவில் இயற்பியலில் மகனுக்கு மொத்தம் 41. ஆனால் பெயில் என்று வந்திருக்கிறது. 35 எடுத்தால் பாஸ் இல்லையா?
– ஒரு தாய், பெருமாள்மலை

எழுத்து 13, செய்முறை 19, அகமதிப்பீடு 9 என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 35 தாண்டியிருந்தாலும், 70-க்கு நடக்கும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 வேண்டும். செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்து 90-க்கு, அதில் குறைந்தது 25. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் பள்ளி தாராளமாகப் போட்ட மார்க் பல பிள்ளைகளுக்கு 'எப்படியும் பாஸ்' என்ற நினைப்பைத் தந்துவிடுகிறது. எங்கள் பார்வையில், 30-க்கு 28 கொடுத்துவிட்டு ரிவிஷன் தேர்வில் 12 எடுத்த பிள்ளையை எச்சரிக்காமல் விடுவது கருணை ஆகாது.

அந்த 10 அகமதிப்பெண் எப்படி வருகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வருகைக்கு 2: 80 சதவீதத்துக்கு மேல் 2, 75-க்கு மேல் 80 வரை 1. பள்ளித் தேர்வுகளுக்கு 4. ஒப்படைவு, செயல்திட்டம், களப்பயணம் இவற்றுக்கு 2. பாட இணைச் செயல்பாடுகளுக்கு 2. பஸ் ஓடாத நாட்களில் வருகை குறையும் பிள்ளைகள் அந்த 2 மார்க்கை ஓசையில்லாமல் இழக்கிறார்கள். வருகைச் சதவீதத்தை டிசம்பரிலேயே கேட்டுவிடுங்கள்.

உங்கள் இளைய மகன் பிளஸ் ஒன் என்கிறீர்கள். 2018 மார்ச்சில் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025–26 முதல் இல்லை. பொதுத்தேர்வு போனதே தவிரப் பாடம் போகவில்லை. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பிளஸ் ஒன் பாடம் சரிபாதிக்குக் குறையாமல் வருகிறது என்று வைத்துக்கொண்டு படிப்பதே நல்லது.

பெரிய மகனுக்கு இரண்டு வழி. ஒன்று, ஜூன், ஜூலையில் நடக்கும் துணைத்தேர்வு. இரண்டாவது, விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிப்பது. முதலில் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வாங்கியவர்கள்தான் பிறகு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போக முடியும். எழுத்தில் 13-லிருந்து 15 என்பது இரண்டு மார்க் தூரம்தான், நகல் கேட்பது வீண் செலவு இல்லை. நகல் வந்ததும் இயற்பியல் ஆசிரியரிடம் விடைக்குறிப்போடு உட்கார்ந்து பாருங்கள்: திருத்தாமல் விட்ட விடை உண்டா, கூட்டலில் பிழை உண்டா, சமன்பாட்டுக்கும் அலகுக்கும் உரிய அரை மார்க், ஒரு மார்க் விடுபட்டிருக்கிறதா. கூட்டல் பிழை மட்டும் என்றால் மறுகூட்டல் போதும். முடிவு வரும்வரை காத்திருக்காமல் துணைத்தேர்வுக்கும் சேர்த்தே பணம் கட்டிவிடுங்கள். இரண்டின் கடைசித் தேதிகளும் நெருங்கி நெருங்கித்தான் வரும்.